பாதுகாவலர் சம்மதம்

1874 மார்ச் 8, ஞாயிறு. சிந்தாதிரிப்பேட்டை.

கல்கத்தாவிலிருந்து வந்திருக்கும் அவினாச சந்திர கங்கூலி பாபு இன்று நம் சீர்திருத்த சமாஜத்தில் பேசினார். அவர் இங்கிலீஷில் பேசப் பேச, நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். கோர்ட்டில் வாரம் முழுக்கப் பிறர் சொல்லும் பொய்யை மொழிபெயர்க்கிறவனுக்கு இது நல்ல மாறுதல். ஆண்கள் அறுபது பேர். பெண்கள் பக்கத்துத் திரைக்குப் பின்னால் பதினொரு பேர் இருந்ததாகப் பூங்காவனம் எண்ணிச் சொன்னாள்.

வங்காளத்தில் நடப்பதையெல்லாம் பாபு விவரித்தார். அங்கே பிராமணர்களே பூணூலைக் கழற்றி வைக்கிறார்களாம். வீட்டை விட்டு வெளியே வராத பெண்கள் பரீட்சை எழுதித் தபாலில் அனுப்புகிறார்களாம். விதவைகளுக்கு மறுமணம் நடக்கிறது. பேச்சின் முடிவில் பாபு ஒரு தாளை எடுத்தார். 'என் வீட்டு விதவைப் பெண் மறுமணம் விரும்பினால் நான் தடுக்க மாட்டேன்' என்று அதில் எழுதியிருந்தது. யார் கையெழுத்திடுகிறீர்கள் என்று கேட்டார். அதையும் நானே தமிழில் கேட்க வேண்டியதாயிற்று. ஒருவரும் அசையவில்லை. கேட்டவனே கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நன்றாக இராது. மேலும் நான் சமாஜத்தின் காரியதரிசி. முதல் கையெழுத்தை நான் போட்டேன். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. எனக்குப் பின்னால் நாலு பேர் போட்டார்கள். அதில் மூன்று பேர் வீட்டில் விதவைகளே இல்லை.

என் வீட்டில் உண்டு. பூங்காவனம் என் தங்கை. ஒன்பது வயதில் கல்யாணம், பதினொன்றில் தாலியை எடுத்தார்கள். இப்போது இருபது நடக்கிறது. நானே அவளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தேன். இதை மேடையில் ஒரு வார்த்தை சொன்னேன். அதற்கும் கைதட்டினார்கள்.

மார்ச் 11, புதன்

பாபு நம் வீட்டில்தான் தங்கியிருக்கிறார். மீன் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்கவில்லை. வங்காளத்தில் பிராமணரும் மீன் சாப்பிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். என் மனைவி தனகோடிக்குத் தெரியாது. சமையல்கட்டில் மீன் ஏறினால் தான் இறங்கிப் பிறந்த வீட்டுக்குப் போவதாகச் சொன்னாள். இரண்டு நாள் பாபு கத்தரிக்காயைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

சமாஜத்து அங்கத்தினர் இராகவலு நாயுடு வழி சொன்னார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார், இருபத்தேழு வயது, பெண்டாட்டி பிள்ளை கிடையாது. தன் அக்காளைச் சமைக்கச் சொல்லித் தினமும் தூக்குப் பாத்திரத்தில் மீன் குழம்பு கொண்டுவருகிறார். பாபு கொல்லையில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். பாத்திரத்தை அலம்பிக் கொடுப்பது பூங்காவனம்.

மார்ச் 19, வியாழன்

கமிட்டி கூடினோம். பெண்கள் பக்கத்துத் திரையை எடுத்துவிட வேண்டும் என்று பாபு சொன்னார். கல்கத்தாவில் இதற்காகப் பெரிய சண்டையே நடந்து, சில குடும்பங்கள் இப்போது திரைக்கு வெளியே உட்காருகின்றனவாம். இரண்டு மணி நேரம் விவாதித்தோம். திரையை எடுக்காமல் துணியை மட்டும் கொஞ்சம் மெல்லியதாக மாற்றுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தோம்.

மார்ச் 24, செவ்வாய்

பாபு நேற்றுக் கப்பலேறினார். போகும்போது இரண்டு வருஷத்துக்கு முன் வந்த புதிய கல்யாணச் சட்டத்தின் பிரதியை என்னிடம் கொடுத்தார். அக்கினி, புரோகிதர், விக்கிரகம் ஒன்றும் வேண்டாத நம்மைப் போன்றவர்கள் ரிஜிஸ்திரார் முன்னிலையில் மணம் செய்துகொள்ள அது வழி செய்கிறது. தமிழில் பெயர்த்து நம் பத்திரிகையில் போட வேண்டும் என்றார்.

நாயுடு இன்றும் வந்தார். தூக்குப் பாத்திரத்தை வாங்கிப்போக வந்தாராம். அது ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது.

ஏப்ரல் 5, ஞாயிறு

நாயுடு பூங்காவனத்தைக் கேட்டார்.

சுற்றி வளைக்கவில்லை. "முதலியாரே, உங்க தங்கச்சிய நான் கட்டிக்கிறேன். அவங்களுக்கும் இஷ்டந்தான். புதுச் சட்டப்படி பண்ணிக்கலாம். கல்கத்தா பள்ளிக்கூடத்துல பாபு எனக்கு வேலைக்குச் சொல்லியிருக்கார். ஜூன் இருபத்தேழாம் தேதி கப்பல்," என்றார்.

அவளுக்கும் இஷ்டம் என்பது இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் கேட்கவில்லை. மனம் நிறைந்து வாழ்த்தினேன். என்னைப் பொறுத்தவரை ஆட்சேபணையே இல்லை, ஜாதி வேறாக இருந்தாலும் இல்லை. ஆனால் தனகோடி பழைய வழியில் வளர்ந்தவள், எழுத்து வாசனை இல்லாதவள், அவளைப் பக்குவமாகத்தான் திருப்ப வேண்டும் என்று எடுத்துச் சொன்னேன். அவர் புரிந்துகொண்டார்.

ஏப்ரல் 12, ஞாயிறு

சட்டத்தின் மொழிபெயர்ப்பு முடிந்தது. என் கையெழுத்து அச்சுக் கோக்கிறவர்களுக்குப் புரிவதில்லை. பூங்காவனம்தான் வழக்கம்போல் நகலெடுக்கிறாள். எடுக்கும்போதே அங்கங்கே சொல்லைத் திருத்துகிறாள். அநேகமாக அவள் திருத்தியது நன்றாகவே இருக்கிறது.

இடம் போதாது என்பதால் ஒன்றிரண்டு வரிகளை விட்டிருக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

பூங்காவனம் நகலைக் கொண்டுவந்தாள். "அண்ணா, மூலத்தையும் வச்சுப் பார்த்துத்தான் எழுதினேன்," என்றாள். நல்லது என்றேன். கொஞ்ச நேரம் நின்றிருந்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 26, ஞாயிறு

கடும் வெயில். கிணற்றில் தண்ணீர் கீழே போய்விட்டது. சமாஜத்தில் 'ஸ்திரீ வித்தை' பற்றிப் பேசினேன்.

மே 3, ஞாயிறு

பத்திரிகை வந்துவிட்டது. அச்சு சுத்தம். நாயுடு அதைக் கையில் பிடித்துக்கொண்டே வந்தார். "பொண்ணுக்கு இருபத்தொரு வயசு ஆகலேன்னா தகப்பனார் அல்லது பாதுகாவலர் சம்மதம் வேணும்னு போட்டிருக்கீங்க. அவங்களுக்கு இருபதுதான், தகப்பனாரும் இல்லே. அப்ப எல்லாம் உங்க கையிலதான் இருக்கு முதலியாரே," என்றார்.

சட்டம் அப்படி இருக்கிறது, நான் என்ன செய்ய என்றேன்.

மே 14, வியாழன்

காஞ்சிபுரத்திலிருந்து பெரியப்பாவின் கடிதம். என் மகள் ரத்தினத்துக்கு அங்கே ஒரு நல்ல இடம் இருக்கிறதாம். பையனுக்குப் பதினைந்து. குடும்பத்தில் எந்தப் பேச்சும் எழாமல் இருந்தால் ஆவணியில் முடித்துவிடலாம் என்று எழுதியிருக்கிறார். 'எந்தப் பேச்சும்' என்ற இடத்தில் பெரியப்பா அடிக்கோடு போட்டிருந்தார். ரத்தினத்துக்கு ஒன்பது வயது. கல்யாணம் இப்போது நடந்தாலும், பெண்ணை அனுப்புவது பிற்பாடுதான். இதில் சமாஜக் கொள்கைக்கு விரோதம் ஒன்றுமில்லை என்றே எண்ணுகிறேன்.

மே 17, ஞாயிறு

நாயுடுவிடம் கார்த்திகை வரை பொறுக்கச் சொன்னேன். கப்பல் ஜூனில் என்றார். கப்பல்கள் பல உண்டு என்றேன். வேலை ஒன்றுதான் என்றார். வாத்தியார்கள் எல்லாவற்றையும் கணக்காகப் பார்ப்பார்கள்.

மே 24, ஞாயிறு

பூங்காவனம் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்து பேசுவது வழக்கமில்லை.

"அண்ணா, நேராவே கேக்கறேன். உங்களுக்குச் சம்மதமா, இல்லையா?"

"எனக்கு என்னம்மா ஆட்சேபணை? தாளில் முதல் கையெழுத்தே நான்தானே. உங்க அண்ணிதான் ஒத்துக்க மாட்டா."

"அண்ணியக் கேட்டீங்களா?"

"கேட்டுத்தான் தெரியணுமா? மீன் குழம்புக்கே என்ன ஆட்டம் ஆடினா."

அவள் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அந்தச் சட்டப்படி மணம் செய்துகொள்கிறவர்கள் 'நான் இந்து மதத்தவள் அல்ல' என்று எழுதிக் கொடுக்க வேண்டும், அது தெரியுமா, அதை யோசித்தாயா என்று கேட்டேன். இது சாமானிய விஷயமல்ல.

"பதினோரு வயசுல என்னை நடுக்கூடத்துல உக்கார வச்சு வளையல ஒடச்சாங்க. அன்னிக்கு என்னை ஒண்ணும் கேக்கலையே அண்ணா. இப்பவாவது ஒரு காகிதம் என்னைக் கேக்குதே," என்றாள்.

எழுந்து போய்விட்டாள். நான் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்ததன் பலன் இப்படிப் பேச வருகிறது. அன்றைக்கு வளையலை உடைத்தபோது நான் வாசலில் நின்றிருந்தேன். உள்ளே போகவில்லை. அப்போது எனக்கு இருபத்தொரு வயது.

மே 31, ஞாயிறு

சளி. சமாஜத்துக்குப் போகவில்லை.

ஜூன் 6, சனி

கோர்ட்டில் என்னோடு வேலை பார்க்கும் ஒருவர், "உங்க வீட்டுல விசேஷமாமே, சொல்லவே இல்லையே," என்றார். ரிஜிஸ்திராரின் நோட்டீஸ் புஸ்தகத்தில் இராகவலு நாயுடு பெயரும் என் தங்கை பெயரும் நேற்று ஏறியிருக்கிறதாம். பதினாலு நாள் கழித்துக் கல்யாணம் செய்யலாம்.

வீட்டுக்கு வந்தேன். பூங்காவனம் ரத்தினத்துக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். நான் கைகால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தேன். கீரை மசியல் நன்றாக இருந்தது.

ஜூன் 8, திங்கள்

ரிஜிஸ்திரார் ஆபீஸுக்குப் போனேன். நான் பாதுகாவலர், என் சம்மதம் இல்லாமல் நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள், பெண்ணுக்கு இருபது வயதுதான் என்று சொன்னேன். அங்கிருந்த தலைமைக் குமாஸ்தா வயதானவர், அமைதியானவர். சட்டப் புஸ்தகத்தைத் திறந்து ஒரு வரியின்மேல் விரலை வைத்து என் பக்கம் திருப்பினார்.

"பொண்ணு விதவையாச்சே. விதவைக்கு யாரோட சம்மதமும் வேண்டாம்னு சட்டமே சொல்லுதே. இருபத்தொண்ணு கணக்கெல்லாம் மத்தவங்களுக்குத்தான்." பிறகு என்னை உற்றுப் பார்த்தார். "இதைத் தமிழ்ல போட்டது நீங்கதானே? எங்க ஆபீஸுக்கும் ஒரு பிரதி வந்துது."

இடமில்லாமல் சில வரிகள் விடுபட்டன என்றேன். அவர் புஸ்தகத்தை மூடி வைத்தார்.

ஜூன் 9, செவ்வாய்

இந்தக் குறிப்பை என்னைத் தவிர யாரும் படிக்கப் போவதில்லை. ஆகையால் எழுதலாம். அந்த இதழில் கடைசிப் பக்கத்தில் பாதி காலியாகத்தான் இருந்தது. அங்கே ஒரு பூச்சித்திரம் போட்டோம்.

அந்த வரியைப் பார்த்ததும் விட்டுவிடத் தோன்றிற்று. விட்டேன். நகலெடுத்த அன்றே பூங்காவனத்துக்கு அது தெரியும். எட்டு வாரம் எனக்குச் சோறு போட்டுக்கொண்டு, நானாகச் சொல்வேன் என்று பார்த்திருக்கிறாள். வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 11, வியாழன்

ஆனால் ரத்தினத்தின் வாழ்க்கையையும் பார்க்க வேண்டும் அல்லவா? பெரியப்பாவுக்கு எழுதினேன். ஏகாம்பரநாதருக்குக் குடும்பத்தில் ஒரு வேண்டுதல் பாக்கி இருப்பதாகச் சொல்லி, தாங்களே வந்து பூங்காவனத்தைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப்போய் ஜூலை வரை வைத்துக்கொள்ளும்படி. சமாஜத்தின் முத்திரையில்லாத தாளைத் தேடி எடுத்து எழுதினேன்.

ஜூன் 16, செவ்வாய்

பெரியப்பா காலை ரயிலில் வந்தார், கூட இரண்டு பேர். வந்த வண்டியைத் திருப்பி அனுப்பாமல் வாசலிலேயே நிறுத்தி வைத்திருந்தார். நான் கோர்ட்டுக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்ட நேரத்தில் நான் வீட்டில் இல்லாமல் இருப்பதே மேல் என்று நினைத்திருந்தேன்.

தனகோடி வந்து வாசல்படிக்கு உள்ளேயே நின்றாள். "பெரிய மாமா, அவ வீட்டுக்குத் தூரம். இன்னிக்குக் காலையிலதான் கொல்லைப் பக்கம் உக்காந்தா. வேண்டுதலுக்கு எப்படிக் கூட்டிக்கிட்டுப் போவீங்க?" என்றாள்.

பெரியப்பா இரண்டடி பின்னால் போய்விட்டார். திண்டாட்டம்தான். தீட்டோடு ரயிலிலும் ஏற்ற முடியாது, கோயில் பேச்சையும் எடுக்க முடியாது. மோர் கூடக் குடிக்காமல் திரும்பிவிட்டார். நாலைந்து நாள் கழித்து வரலாமென்றால் அதுவும் முடியாது. அவருக்கு இருபதாம் தேதியிலிருந்து நில வழக்கு விசாரணை ஒன்று இருக்கிறது. இனி இம்மாதக் கடைசியில்தான் வர முடியும்.

என் நேரம் சரியில்லை. ஆனால் ஒன்று விளங்கவில்லை. பதினைந்து நாளைக்கு முன்தான் பூங்காவனம் மூன்று நாள் தனியே உட்கார்ந்தாள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, அந்த மூன்று நாளும் நகலெடுக்க ஆளில்லை.

ஜூன் 21, ஞாயிறு

சமாஜத்தில் என்னோடு பலரும் கைகுலுக்கினார்கள். நாளைக் காலை பத்து மணிக்கு ரிஜிஸ்திரார் ஆபீஸில் கல்யாணம். நாயுடு என்னிடம் வந்து, "வருவீங்கதானே?" என்று மட்டும் கேட்டார். கோர்ட்டைப் பொறுத்தது என்றேன்.

ஜூன் 22, திங்கள்

கோர்ட்டுக்குப் போனேன். இரண்டு அண்ணன் தம்பிகளுக்குள் ஒரு கிணற்று வழக்கு. சாட்சி சொன்னதை இரண்டு தடவை தப்பாகப் பெயர்த்துச் சொன்னேன். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்தரை. தனகோடி கல்யாணப் பட்டுப்புடவையை மாற்றாமல் கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை.

"பூங்காவனம் எங்கே?"

"அவ வீட்டுல."

நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன். அவளே சொன்னாள். "மூணு சாட்சி வேணுமாம். ரெண்டு பேர் வந்துட்டாங்க. மூணாவது ஆளு தன்னோட மாமனாருக்குப் பயந்துக்கிட்டு வரல. நீங்க வருவீங்கன்னு பன்னண்டு மணி வரைக்கும் தெருவையே பார்த்துக்கிட்டு இருந்தோம். பூங்காவனம் எழுந்து எழுந்து ஜன்னல் கிட்ட போய்ப் பார்த்தா. அப்புறம் அந்தக் குமாஸ்தாகிட்ட, பொம்பள சாட்சி போடலாமான்னு கேட்டேன். போடலாம்னாரு. போட்டேன்."

"என்ன போட்டே?"

"கையெழுத்து."

"உனக்கு எழுத்தே தெரியாதே."

"வியாழக்கிழமைல நீங்க கமிட்டிக்குப் போவீங்களே, அப்ப அவ சொல்லிக் கொடுத்தா. ரெண்டு வருஷமாச்சு. தனகோடி அம்மாள்னு முழுசா எழுதினேன். 'ள்' மட்டும் கொஞ்சம் கோணிக்கிச்சு."

நான் பலகையில் உட்கார்ந்தேன். உனக்கு இதெல்லாம் பிடிக்காது என்றல்லவா நினைத்தேன் என்று சொன்னேன். நினைத்தேன் என்பதுதான் சரியான சொல்லா என்று இப்போது எழுதும்போது சந்தேகம் வருகிறது.

"எனக்குப் பிடிக்காதது மீனுதான்," என்றாள். "இதப் பத்தி என்னை யாரு கேட்டா?"

காஞ்சிபுரத்துச் சம்பந்தம் போய்விடும் என்றேன். ரத்தினம் முற்றத்தில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். தனகோடி அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "போகட்டும். பூங்காவனத்துக்கும் ஒம்பது வயசுலதான் நல்ல இடம்னு சொன்னீங்க," என்றாள். பிறகு எழுந்து அடுப்பு மூட்டப் போனாள்.

ஜூன் 23, செவ்வாய்

காலையில் பழைய சோறு. மழை வரும்போல் இருந்து வரவில்லை.

ஜூன் 25, வியாழன்

சமாஜத் தலைவர் வீடு தேடி வந்தார். நம் சமாஜத்தில் இப்படி ஒரு கல்யாணம் நடப்பது இதுவே முதல் தடவை என்றும், சொன்னபடி செய்து காட்டிய குடும்பம் என்னுடையது என்றும் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது அவருக்கு. கப்பல் சனிக்கிழமை மாலை. அன்று காலையில் தம்பதிகளுக்கு வழியனுப்பு உபசாரம். அதில் நான் 'ஒரு சகோதரனின் கடமை' என்று பேச வேண்டும், பேச்சு அடுத்த இதழில் அச்சாகும், ஒரு பிரதி கல்கத்தாவுக்குப் போகும் என்றார். சரி என்றேன். அந்த மனிதரிடம் வேறெப்படிச் சொல்வது?

ஜூன் 26, வெள்ளி

கோர்ட்டிலிருந்து வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். கையோட்டம் நன்றாக இருந்தது. நான்கு பக்கம் வந்தது. நகலெடுக்கத்தான் ஆளில்லை. இருக்கிறபடியே கொடுத்தால் அச்சுக்கூடத்தில் ஒருவருக்கும் புரியாது.

தனகோடி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "குடுங்க, நான் பார்த்து எழுதறேன். உங்க பழைய தாளை வச்சுத்தான் அவ எனக்குச் சொல்லிக் கொடுத்தா, மெள்ளத்தான் வரும். நீங்க எழுதினத மொதல்ல வாசிச்சுக் காட்டறேன், தப்பா இருந்தா சொல்லுங்க," என்றாள். விளக்கை ஏற்றிக்கொண்டு தாளின்மேல் குனிந்து, விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டினாள்.

"ஊ... ரார்... ப... ழிக்... கும்... அஞ்... சாமல்..."

ஒரு வரிக்கு அவளுக்கு ஐந்து நிமிஷம் ஆயிற்று. சீக்கிரம் வாசிக்கிறவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள், இவளால் தாண்ட முடியாது. 'ஊரார் பழிக்கும் அஞ்சாமல், உற்றார் பகைக்கும் கலங்காமல், தன் மகளின் எதிர்காலத்தையும் பணயமாக வைத்து, தன் தங்கையின் கையைப் பிடித்து அழைத்துச் சென்று...' ஒவ்வொரு சொல்லும் முழுதாக வெளியே வந்து கூடத்தில் நின்றது. சொல்லை முடித்ததும் அதைத் திரும்ப ஒரு தடவை சேர்த்துச் சொன்னாள். நான் எழுதியதை நான் இப்படிக் கேட்டதே இல்லை. உட்கார்ந்திருக்க முடியவில்லை. தண்ணீர் குடிக்க எழுந்தேன், குடிக்காமல் திரும்பி வந்தேன்.

முதல் பக்கம் முடிந்தது. அவள் நிமிர்ந்தாள்.

"தங்கமான மனுஷனா இருக்காரே. யாரு இவரு? கல்கத்தாக்காரரா?"

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

தாள்களை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன். நாளை நான் பேசவில்லை என்று தலைவருக்கு இரண்டு வரி எழுதி அனுப்பினேன்.